அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தேதி

அக்காவின் பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் எங்களைத் தொடவிட்டார். கருநீல அட்டை. பிறந்த இடம் மண்டபம் என்று இருந்தது. என் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோய் டேப் ஒட்டிய தாள். அதிலும் மண்டபம்தான். அதே தாய், அதே தகப்பன், அதே இலங்கை அகதி முகாம். அக்கா பிறந்தது 1986 பிப்ரவரியில். நான் 1987 நவம்பரில்.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களிடம், பெற்றோர் எந்த நாட்டவர் என்று குடியுரிமைச் சட்டம் கேட்பதில்லை. அதற்குப் பிறகு பிறந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிடி இன்னும் இறுகியது: ஒருவர் இந்தியர் என்றாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் பரமக்குடிக்காரர், தேர்தல் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர். எங்கள் மகள் 2015-இல் பிறந்தவள். அரசு என்னைச் சட்டவிரோதக் குடியேறி என்ற கணக்கில் வைத்திருப்பதால் அவளுக்கும் சிக்கல். அவளுக்கு வந்த தடை நான்தான் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

அக்காவுக்கும் சும்மா கிடைக்கவில்லை. பிறந்த நாளிலிருந்தே சட்டப்படி அவள் இந்தியர். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2022-இல், அதே மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான் அக்கா மனு எழுதினாள். அதுவரை மாதாமாதம் முகாமில் ஆள் இருக்கிறோமா என்று சரிபார்க்கும் செக்கிங் நாளில் வேலைக்கு லீவு போட்டு, என்னோடு வரிசையில் நின்றாள்.

2025 ஜனவரியில் அமெரிக்காவில் பிறப்புக் குடியுரிமையைச் சுருக்கி டிரம்ப் உத்தரவு போட்டபோது, நான் கணக்கு எழுதும் கடையில் அதே பேச்சு. முதலாளி அண்ணாச்சியின் மருமகள் அங்கே நிறைமாதம். மகனுக்கு வேலை விசாதான். "பிறக்கிற பிள்ளை என்ன பாவம் செஞ்சுது?" என்று அண்ணாச்சி கலங்கினார். அவர் கேட்டது நியாயம். பில் போடும் தம்பி மட்டும், "பிறந்தாலே குடியுரிமைன்னா எல்லாரும் வந்து பெத்துக்குவாங்களே அண்ணாச்சி" என்றான். அந்தப் பயத்தை நான் ஒதுக்கவில்லை. எல்லைக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் நான் எந்த எல்லையையும் தாண்டவில்லையே. படகில் வந்தவர்கள் அம்மாவும் அப்பாவும்.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதும் இல்லை. தாத்தா இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், நீ இங்கே பிறந்தது போதாது, உன் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. கூலிக்குக் கப்பலேறிப் போனவரின் மகன் எதைக் காட்டுவார்? அங்கே அவரை இந்தியன் என்றார்கள். இங்கே என்னை இலங்கைக்காரி என்கிறார்கள். நான் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்குத் தண்டனை இல்லை என்று மத்திய அரசு அறிவித்தது. முகாமில் லட்டு கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, நீ இந்த ஊர்க்காரி என்பது வேறு.

வரும் திங்கட்கிழமை மதுரையில் வக்கீலைப் பார்க்கப் போகிறேன். என் சான்றிதழோடு மகளுடையதையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அக்காவும் கூட வருகிறாள்.