பள்ளிக்கு மாறும் பேச்சை இரண்டேகால் வயதிலேயே எடுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் கவனத்துக்கு. குழந்தை ஏர்லி இன்டர்வென்ஷனில் (வளர்ச்சித் தாமதமுள்ள சிறு குழந்தைகளுக்கான அரசுத் திட்டம்) பேச்சுப் பயிற்சியோ பிசியோதெரபியோ பெறுகிறது என்றால், பெரும்பாலான மாநிலங்களில் அது மூன்று வயதோடு நின்றுவிடும். அதன்பின் பொறுப்பு உங்கள் பள்ளி மாவட்டத்துடையது (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளின் நிர்வாகம்). ஆனால் தகுதி தானாகத் தொடராது, பள்ளி தனியாக மதிப்பிடும்.

பள்ளிக்கு மாறுவதற்கான கூட்டம் மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே நடக்க வேண்டும். 9 மாதம் முன்பேகூட வைக்கலாம். கூட்டம் முடிந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள், சிக்கலே அங்கேதான். மதிப்பீட்டுக்குச் சம்மதித்து நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்துதான் பள்ளி அதை முடிக்க வேண்டிய 60 நாள் கெடு ஓடும் (சில மாநிலங்களில் வேறு கெடு). அதனால் சம்மதப் படிவத்தைக் கூட்டத்தன்றே கேட்டு வாங்குங்கள். தேதியிட்ட நகல் கையில் இருக்கட்டும்.

வீட்டில் தமிழ் என்றால் எழுத்திலேயே தெரிவியுங்கள். ஆங்கிலம் தெரியாததைப் பேச்சுத் தாமதமாக எண்ணக் கூடாது. தமிழிலும் சொல் வராத குழந்தையை ‘ரெண்டு மொழி, தானா சரியாகும்’ என்று தள்ளிவிடவும் கூடாது! கூட்டத்துக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். ஏர்லி இன்டர்வென்ஷன் ஒருங்கிணைப்பாளரை முதல் ஐஇபி (குழந்தைக்கென பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

பிறந்தநாள் கோடை விடுமுறையில் வந்தாலும் ஐஇபி அதற்குள் தயாராக வேண்டும். சேவை தொடங்கும் தேதியைக் குழு முடிவு செய்யும்.

ஐஇபியில் ‘பேச்சுப் பயிற்சி தரப்படும்’ என்று மட்டும் இருந்தால் சம்மதிக்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா, எந்த மாதிரி இடத்தில் என்று எழுதச் சொல்லுங்கள்.