இடுப்பில் இறுகிப்போன மூட்டு

திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் குனிந்தே உட்காரும் வேலை எனக்கு. எழுந்தால் இடுப்பு நிமிராது. வலது ஓரத்தில் ஒரே இடத்தில் பிடிக்கும். பிசியோதெரபி அக்கா குப்புறப் படுக்கவைத்து, முள்ளெலும்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். கடைசி எலும்பில் "இங்கதானே?" என்றார். அதே இடம்தான்!

முள்ளெலும்புகளின் பின்பக்கம் இருபுறமும் சின்ன மூட்டுகள் உண்டு. அவை இறுகினால் குனிவதும் திரும்புவதும் குறையும். உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, தாளம் தப்பாமல் அழுத்தினார். மெயிட்லண்ட் என்ற ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் வகுத்த முறையாம். அழுத்தி அசைப்பதை லேசிலிருந்து ஆழம்வரை படிகளாகப் பிரித்திருக்கிறார். வலி முந்தி நின்றால் 1, 2 படிகள். இறுக்கத்துக்கு 3, 4. சொடக்குச் சத்தமே இல்லை. எழுந்ததும் செருப்பு வாரை நானே குனிந்து மாட்டினேன்.

அப்புறம், தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ யாரிடமும் இடுப்பைக் கொடுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.