துரைக்கு இறகு வெட்ட வந்த கத்திரிக்கோல்

பாளையங்கோட்டையில் மே மாதம் ஃபேன் இல்லாமல் உட்காரச் சொன்னால் பெற்ற பிள்ளைகூட உறவை முறித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டு ஹாலில் மட்டும் சாயங்காலமானால் ஃபேன் ஓடாது. காரணம் துரை.

துரை ஒரு காக்கட்டீல், கிளி இனத்துச் சின்னப் பறவை. வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கூண்டோடு எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சு வட்டம். வந்த அன்றைக்கே கொண்டையை விறைப்பாகத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் மேலும் கீழும் பார்த்தது. "ஆமா, இவரு பெரிய தொர!" என்றார்கள் அத்தை. பெயர் ஒட்டிக்கொண்டது.

கூண்டைத் திறந்தால் ஹாலை ஒரு வட்டமடித்துவிட்டு நேரே சீலிங் ஃபேனின் இறக்கையில் போய் உட்காரும். வீட்டில் வேறு இடமே இல்லாத மாதிரி. அதனால் துரை வெளியே என்றால் ஃபேன் ஆஃப். சுவிட்சை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று மகள் அதன்மேல் டேப் ஒட்டிவைத்தாள். ஊரே கரண்ட் போனால் புலம்பும், நான் மட்டும் 'அப்பாடா' என்பேன்.

அத்தை பனையோலை விசிறியைக் கையில் எடுத்தார்கள். விசிறிய நேரத்தைவிடப் பேசிய நேரம்தான் அதிகம். "மனுசங்க அவிஞ்சு சாவணும், குருவி சொகமா பறக்கணும். ரெக்கைய வெட்டி விடுங்கட்டி, சோலி முடிஞ்சுது."

அதிலிருந்து ஆரம்பித்தது வீட்டில் பட்டிமன்றம். வீட்டுக்காரர் வழக்கம்போல அம்மா பக்கம் பாதி, மகள் பக்கம் பாதி. மூலைக்கரைப்பட்டிப் பக்கம் வாக்கப்பட்ட நாத்தனார் வந்தபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "மதினி, எங்க பக்கத்துல கூந்தன்குளத்துல எங்கிருந்தோ வார நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் பயந்துக்கிடும்னு தீபாவளிக்கு வெடியே போட மாட்டாவ. நீங்க வீட்டுல இருக்குற ஒண்ணுக்கு ரெக்கைய வெட்டப் போறியளா?" அத்தை விடவில்லை. "கூந்தன்குளத்துல நாரை ஃபேன்ல வந்தா உக்காருது?"

அதற்கு நாத்தனாரிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை.

களக்காட்டிலிருந்து பெரிய மாமா வந்தது அப்போதுதான். சின்ன வயதில் கிளி வளர்த்தவர், ஆகவே இந்த விஷயத்தில் அவர் நிபுணர். "ஒத்தப் பக்கம் மட்டும் நறுக்கி விடணும். பறக்க நெனச்சா கோணிக்கிட்டு விழும், ரெண்டு நாளுல ஆசையே போயிரும்." மகள், "தாத்தா, பச்சைக்கிளி வளக்குறது குத்தம். 1972ல வந்த சட்டம்" என்றாள். மாமா அசரவில்லை. "எங்க கிளி அதுக்கு முந்தியே செத்துப்போச்சு, தாயி." துரையின் பூர்வீகம் ஆஸ்திரேலியா என்பதால் அந்தச் சட்டத்தில் மாட்டாமல் எங்களோடு இருக்கிறது.

சரி, படித்தவனைக் கேட்போம் என்று ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் படித்த என் சித்தி மகனை வரச் சொன்னோம். துரையை ஒரு துண்டில் சுற்றி, ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் மெல்ல விரித்துக் காட்டினான். பார்க்கிற வரை எனக்கும் அது ஒரே துணி போலத்தான் தெரிந்தது. ஓரத்தில் நீளமாகப் பத்து இறகு. வெட்டுகிறவர்கள் அதில் வெளிப்பக்கத்துச் சிலவற்றைத்தான் வெட்டுவார்கள், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக. முற்றிய இறகை வெட்டினால் நமக்கு நகம் வெட்டுகிற மாதிரிதான், வலிக்காது. இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது திரும்ப வந்துவிடும். ஆனால் நடுவில் ஒன்று முழுதாக வளராமல், தண்டு கருநீலமாக நின்றது. "இதுக்குள்ள ரத்தம் ஓடுதுக்கா. தெரியாம இதுல கத்திரி பட்டா நிக்காம ஒழுகும்."

ஒற்றைப் பக்கம் வெட்டுவதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. நிலை தடுமாறி விழுந்தால் மார்பெலும்பில்தான் அடிபடுமாம். அப்புறம் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "இது நூறு கிராம்கூட இருக்காது. வெட்டியாச்சேன்னு வாசக்கதவத் தெறந்து போட்டுருவிய. ஆடிக் காத்து ஒரு அடி அடிச்சா அப்படியே தூக்கிட்டுப் போயிரும். போன எடத்துலருந்து திரும்பி வரவும் முடியாது, காக்காவும் பூனையும் வந்தா தப்பிக்கவும் முடியாது." ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னான். துரை வெளியே இருக்கும்போது வடைச் சட்டி அடுப்பில் இருக்கக் கூடாது, தண்ணீர் வாளியை மூடிவைக்க வேண்டும். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் காயவிட்டு மறந்தால் அந்தப் புகையிலேயே பறவை செத்துப்போகுமாம். இது எனக்குத் தெரியவே தெரியாது. தோசைக்கல் பரணிலிருந்து இறங்கியது.

"ஃபேனுக்கு?" என்றார்கள் அத்தை.

"ஃபேன் ஆஃப்தான் பெரியம்மா."

அவன் தெருமுனை தாண்டியிருக்க மாட்டான். "இந்தக் காலத்துப் பயலுவளுக்கு என்ன தெரியும்?" என்று பெரிய மாமா என் தையல் கத்திரிக்கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் துரையைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திக் காவலுக்கு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மாமா வெள்ளை வேட்டியை உதறிக் கட்டி, ஹால் நடுவில் சேரைப் போட்டு உட்கார்ந்தார். "மொதல்ல அந்த ஃபேனப் போடு. வேர்வையில கை வழுக்குது."

நான் தடுத்திருக்கலாம். எப்படித் தடுப்பது என்று யோசிப்பதற்குள் அத்தை டேப்பைப் பிய்த்து, நேரே அஞ்சில் வைத்துவிட்டார்கள். பல நாளாக துரை அந்த இறக்கையில் உட்கார்ந்து போட்டுவைத்த எச்சம் அத்தனையும், அடியில் காய்ந்தும் மேலே காயாமலும் அங்கேயே இருந்தது. ஃபேன் வேகம் பிடித்ததும் அது ஹால் முழுக்கப் பாரபட்சமில்லாமல் வந்து சேர்ந்தது. மாமாவின் வேட்டி, நெற்றித் திருநீறு, வாய் திறந்திருந்ததால் கொஞ்சம் வாயிலும். கூண்டுக்குள்ளிருந்து துரை நீளமாக ஒரு விசில் அடித்தது.

மாமா கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். கத்திரிக்கோலைப் பற்றிப் பேச்சில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏல, சுத்தி வலக்கூடு போட்ட டேபிள் ஃபேன் விக்காம்லா, நெருக்கக் கம்பியா? அதுல ஒண்ணு வாங்கித் தொலைய வேண்டியதுதான?" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

வண்ணார்பேட்டையில் போய் வாங்கி வந்தோம். அது அப்படியும் இப்படியும் தலை திருப்புகிற ஃபேன்தான், ஆனால் திரும்பவிடுகிற குமிழை அத்தை மேலே இழுத்து நிறுத்திவிட்டார்கள். காற்று முழுக்க அவர்கள் பக்கம். துரையும் இப்போது சீலிங் ஃபேனை மறந்துவிட்டு அத்தையின் நாற்காலி முதுகில்தான் உட்காருகிறது. எங்களுக்குத்தான் பனையோலை விசிறி. அது ஒன்றுதான் இருக்கிறது என்பதில் இப்போது புதுச் சண்டை.