மிஞ்சிய அரிசி மூட்டைகள்: மன்னார்குடியில் உழவர் விருந்து நடத்திய அனுபவம்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அடுத்த சில வாரங்கள் மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிவாரணப் பொருள்களைப் பகிர்ந்தளித்தவர்களில் பதினான்கு பேர், அந்தப் பணி முடிந்த பிறகும் கலையாமல் ஒன்றாகவே இருந்தோம். ஆசிரியர்கள், செவிலியர் ஒருவர், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். சங்கமாகப் பதிவு செய்யவில்லை, பெயர்ப்பலகையும் கிடையாது. 2024 மார்ச் மாதத்திலும் 2025 மார்ச் மாதத்திலும் எங்கள் வட்டாரத்தில் மரபு நெல் பயிரிடும் விவசாயிகளை அழைத்து, அவர்கள் விளைவித்த அரிசியைச் சமைத்து ஊராருக்கு விருந்தளித்து, அந்த அரிசியை அங்கேயே விற்பனைக்கும் வைத்தோம். முதல் ஆண்டு என்ன தவறு செய்தோம், இரண்டாம் ஆண்டு அதை எப்படிச் சரி செய்தோம் என்பதை, இதே போன்ற முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து திருத்துறைப்பூண்டி தொலைவில் இல்லை. அதன் அருகிலுள்ள ஆதிரெங்கத்தில், மரபு நெல் விதைகளைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதைநெல் வாங்கிச் சென்றவர்கள் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் 2018 டிசம்பரில் மறைந்துவிட்டார். ஆனால் அவர் வழியாகப் பரவிய மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் பூங்காரும் எங்கள் பகுதியில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று இன்றும் விளைந்துகொண்டிருக்கின்றன. விதை பிழைத்துவிட்டது. அரிசியை வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைச் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டாகத்தான் பிரிப்பார்கள். நூற்று அறுபது நாள் வயலில் நின்ற மாப்பிள்ளைச் சம்பாவுக்கு அங்கே தனி விலை கிடையாது. இந்த இடைவெளியை ஒரு நாள் விருந்தால் நிரப்பிவிடலாம் என்று முதல் ஆண்டு நாங்கள் உண்மையாகவே நம்பினோம்.

அனுமதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி வளாகத்துக்கு நிர்வாகத்திடம் ஒரு கடிதம், ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் ஒரு மனு, குப்பை அள்ளவும் தண்ணீர் லாரிக்கும் நகராட்சியில் ஒரு மனு என்று மூன்று நாள்களில் முடிந்தது. சமைப்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும்; அப்போது ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்பவருக்கு அதற்கான கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாகத்தான் இருந்தது. உண்மையான சிரமம் அலுவலகங்களில் இல்லை. அரவை ஆலையில் இருந்தது.

2023இல் மேட்டூர் அணை அக்டோபர் 10ஆம் தேதியே மூடப்பட்டதால், ஆழ்குழாய்க் கிணறு வைத்திருந்தவர்கள்தாம் சம்பாவைக் காப்பாற்றினார்கள். அப்படிக் காப்பாற்றிய ஏழு விவசாயிகளின் நெல்லைச் சேர்த்து ஒரு நவீன ஆலைக்கு அனுப்பினோம். பெரிய ஆலைகளுக்கு ஒரே ரகத்தில் பல டன் நெல் வந்தால்தான் வசதி. எங்களுடையதோ ரகத்துக்கு நான்கைந்து மூட்டை. முந்தைய ஆளின் நெல் ஓடி முடிந்த கையோடு எங்களுடையதைக் கொட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்த மூட்டையைப் பிரித்தபோது, சிவந்திருக்க வேண்டிய மாப்பிள்ளைச் சம்பாவில் கைப்பிடிக்குப் பத்து, பதினைந்து வெள்ளை அரிசி கலந்திருந்தது. அது மட்டுமல்ல, வழக்கம் போல இரண்டு முறை தீட்டிவிட்டதால் சிவப்பே போய், அரிசியின் மேல் செம்மண் கோடு போலச் சிறிது மட்டும் ஒட்டியிருந்தது. அந்தச் சிவப்பு தவிட்டில் இருப்பது. தவிடு போனால் சிவப்பும் போய்விடும். நெல்லுக்குச் சொந்தக்காரரான பெரியவர் ஒரு கைப்பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பி, விரலால் நெடுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க வயல்ல வெளஞ்சதுன்னு நான் எப்படி டீச்சர் சொல்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சமையலிலும் அதே அறியாமைதான். பொன்னி அரிசியைச் சமைத்துப் பழகிய சமையற்காரர், கழுவிய கையோடு அரிசியை உலையில் போட்டார். முந்நூறு பேருக்குச் சீட்டு கொடுத்திருந்தோம். பகல் 12.30 மணிக்கும் சோறு வேகவில்லை. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா அடுப்பங்கரைக்கு வந்து, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது ராத்திரியே ஊறணும் டீச்சர். இப்ப எவ்வளவு வெறகு வச்சாலும் உள்ளுக்குள்ள வெறச்சிதான் நிக்கும்" என்றார். பூங்கார்க் கஞ்சியை முன்னதாகப் பரிமாறிக் கூட்டத்தைச் சமாளித்தோம். இரண்டு மணிக்கு மேல் இலை போட்டபோது ஏறக்குறைய எண்பது பேர் கிளம்பிப் போயிருந்தார்கள்.

ஆனால் அந்த நாளில் என் மனத்தை விட்டு அகலாதது மாலை ஐந்து மணிக் காட்சிதான். விவசாயிகள் 25 கிலோ மூட்டைகளாக மொத்தம் 31 மூட்டை அரிசி கொண்டுவந்திருந்தார்கள், 775 கிலோ. விற்றது 480 கிலோ. விவசாயிகளுக்குச் சால்வை போர்த்திப் பேசி, படமெடுத்து முடித்த மகிழ்ச்சி எங்களுக்கெல்லாம். பந்தலின் ஓரத்தில் அந்தப் பெரியவர், தாம் கொண்டுவந்த ஐந்து மூட்டைகளில் மிஞ்சிய மூன்றைத் தம் மகனோடு சேர்ந்து மினி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். போர்த்திய சால்வையை மடித்து மூட்டையின் மேல் வைத்திருந்தார். அரைத்த அரிசியில் வண்டு சீக்கிரம் பிடிக்கும்; ஒட்டியிருக்கும் தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சிக்கு வாடையும் வரும். நெல்லாக இருந்தவரை அவருடைய பத்தாயத்தில் ஓராண்டு கூடக் கெடாமல் இருந்திருக்கும் பொருளை, எங்கள் விழாவுக்காக அரைக்க வைத்து, நெடுநாள் வைக்க முடியாத பொருளாக மாற்றி, அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தோம். அவரைக் கொண்டாடுவதாகச் சொல்லிக்கொண்டு அவருக்கு நட்டத்தைத் தந்திருக்கிறோம் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்த கணக்குக் கூட்டத்தில் இதைத்தான் பேசினோம். மிஞ்சுவது யாருடையது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இரண்டாம் விருந்து நடத்துவதில்லை என்று முடிவானது. சிலர் தயங்கினார்கள், நாமென்ன வியாபாரிகளா என்று கேட்டார்கள். அது நியாயமான தயக்கம்தான் என்றாலும், வியாபாரியின் பொறுப்பை ஏற்காமல் அவனுடைய இடத்தில் மட்டும் உட்கார்ந்துகொள்வது சரியில்லை என்று நான் வாதாடினேன். இறுதியில், அரைத்த அரிசி முழுவதையும் பேசிய விலைக்குக் குழுவே எடுத்துக்கொள்வது, மிஞ்சினால் பதினான்கு பேரும் பங்கிட்டு வாங்கிக்கொள்வது என்று ஒப்புக்கொண்டோம். இந்த ஒரு முடிவு மற்ற வேலைகள் அனைத்தையும் மாற்றிவிட்டது. மிஞ்சினால் நம் பணம் என்று ஆனவுடன், எவ்வளவு விற்கும் என்பதை ஊகிப்பதை விட்டுவிட்டு வீடு வீடாகக் கேட்கத் தொடங்கினோம். 2025 ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களில் 118 வீடுகளிலிருந்து 640 கிலோவுக்கு முன்பதிவு சேர்ந்தது. நேரில் வருபவர்களுக்காக 60 கிலோ கூட்டி, 700 கிலோ அரைப்பது என்று முடிவு செய்தோம்.

விலையை நிர்ணயித்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2024-25 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2300 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 105 ரூபாய். ஆகக் கிலோவுக்கு 24 ரூபாய் 5 காசு. அந்தப் பெரியவர் வேறொரு வயலில் பொன்மணி என்று சொல்லப்படும் சி.ஆர். 1009 பயிரிடுகிறார், அதில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 30 மூட்டை காண்கிறார். மாப்பிள்ளைச் சம்பாவில் 18 மூட்டைதான். 1800 கிலோ பொன்மணி அவருக்கு 43,290 ரூபாய் தருகிறது. 1080 கிலோ மாப்பிள்ளைச் சம்பா அதே பணத்தைத் தர வேண்டுமென்றால் நெல் கிலோ 40 ரூபாய்க்குப் போக வேண்டும். உரச் செலவு இல்லை, வைக்கோல் உயரமாகக் கிடைக்கிறது என்ற ஆதாயங்கள் அவருக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, 40 ரூபாய் என்று முடிவு செய்தோம். ஒரு மூட்டை நெல் 2400 ரூபாய், வேகவைத்துக் காயவைத்து அரைக்க 200, வண்டியும் பையும் 150, புடைத்துக் கல் பொறுக்க 100, மொத்தம் 2850. மூட்டைக்கு 37 கிலோ அரிசி கண்டது. எனவே அடக்கம் 77 ரூபாய், விற்பனை 80 ரூபாய். மூன்று ரூபாய் பந்தல் செலவுக்கு. இந்தக் கணக்கை ஒரு தட்டியில் பெரிய எழுத்தில் எழுதி விற்பனை மேசையின் முன் வைத்தோம். "கடையில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே" என்று கேட்டவர்கள்கூடத் தட்டியைப் படித்த பிறகு பேரம் பேசவில்லை.

அரவைக்கு இம்முறை கிராமத்தில் ரப்பர் உருளை இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் போனோம். 19 மூட்டைதான் என்றாலும் சலிக்காமல் செய்து தந்தார். காலையில் முதல் ஈடு எங்களுடையது. அதற்கு முன் இயந்திரத்தைத் துடைத்து, எங்கள் நெல்லிலேயே இரண்டு கிலோவை ஓடவிட்டு, அதைக் கோழித் தீவனத்துக்கு ஒதுக்கிவிடுவது என்று பேசிக்கொண்டோம். ரகம் மாறும்போதெல்லாம் இதையே செய்தோம். உமி மட்டும் நீங்கி, தவிடு முழுவதும் அரிசியிலேயே இருக்கும்படி ஒரே ஓட்டு. நெல் வேகவைக்கும் பொறுப்பை விவசாயக் குடும்பங்களின் பெண்களே ஏற்றுக்கொண்டார்கள். மாலையில் அண்டாவில் ஊறவைத்து, விடியற்காலையில் நெல்லின் வாய் வெடிக்கும் பக்குவத்தில் இறக்கி, களத்தில் காலால் துழாவித் துழாவிக் காயவைத்தார்கள். ஒரு நெல்லைப் பல்லில் கடித்து, அது நொறுங்காமல் 'டக்'கென்று இரண்டாக உடைந்தால் அரவைக்குத் தயார் என்று முன்பு சோறு பற்றிச் சொன்ன அதே அக்கா எனக்குக் காட்டிக்கொடுத்தார். அதற்கு மேல் காய்ந்தால் அரிசி குறுணையாகும், ஈரமிருந்தால் நசுங்கும் என்பதை ஈரப்பதமானி இல்லாமல் அவர் பல்லாலேயே கண்டுவிடுகிறார்.

தராசு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் எடையளவு முத்திரை வைக்க வேண்டும். முதல் ஆண்டு நாங்கள் இரவல் வாங்கிய தராசில் முத்திரை காலாவதியாகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் ஆண்டு, முத்திரை உள்ள இரண்டு தராசுகளை மளிகைக்கடை நண்பர் தந்து உதவினார். அதேபோல, பலகையில் 'இயற்கை விளைபொருள்' என்று எழுதுவதையும் விட்டுவிட்டோம். அப்படி விற்பதற்குச் சான்று முறைகள் இருக்கின்றன. ஐந்து விவசாயிகளுக்குக் குறையாமல் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறையும் அவற்றில் ஒன்று. எங்களவர்கள் இன்னும் அதில் சேரவில்லை. எனவே ஒவ்வொரு பைக்கும் முன்னால் விவசாயியின் பெயர், ஊர், ரகம், நட்ட மாதம், அறுத்த மாதம், வயலுக்கு இட்டது என்ன என்பதை மட்டும் எழுதினோம். ஒரு பலகையில் 'கதிர் வரும் பருவத்தில் ஒரு முறை பூச்சிமருந்து தெளித்தேன்' என்று இருந்தது. அந்த விவசாயியின் அரிசிதான் முதலில் தீர்ந்தது. உண்மையை எழுதியவரை மக்கள் நம்பினார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

விருந்தைப் பொறுத்தவரை, முந்தைய ஆண்டு நெல்லைப் பத்தாயத்திலிருந்து எடுத்து அரைத்தோம். புது அரிசி குழைந்துவிடும். முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கே அரிசியை ஊறவைத்துவிட்டு, காவலுக்கு இரண்டு பேர் அங்கேயே படுத்துக்கொண்டார்கள். கருப்புக் கவுனியில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்த இனிப்பு, மாப்பிள்ளைச் சம்பாச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், சம்பா அறுப்புக்கு முன் ஈர வயலில் தெளித்து அப்போதுதான் களத்துக்கு வந்திருந்த புதுப் பயறில் கூட்டு, மோர். 12.15க்கு முதல் பந்தி. பரிமாறியவர்களும் பந்தலில் உட்கார்ந்திருந்த விவசாயிகளும் ஒன்றாகக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டோம்.

மாலை ஐந்து மணிக்குக் கணக்கு முடித்தபோது 38 கிலோ மிஞ்சியிருந்தது. பேசியபடி பங்கிட்டுக்கொண்டோம், என் பங்கு மூன்று கிலோ. விவசாயிகளுக்குரிய தொகை முழுவதையும் இருட்டுவதற்கு முன் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். பெரியவர் பணத்தை எண்ணி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, வெறும் சாக்குகளை உதறி மடித்தார். போகும்போது என்னிடம், "அடுத்த வருசத்துக்கு எத்தன மூட்ட வேணும்னு ஆடிப் பதினெட்டுக்குள்ள சொல்லிடுங்க டீச்சர். அதுக்கு ஏத்த மாதிரி நாத்து விடணும்" என்றார். அதனால் முன்பதிவைத் தை மாதம் வரை தள்ளிப்போடாமல் ஆனி மாதமே எடுக்கத் தொடங்கிவிட்டோம்.