இரண்டாவது நாற்காலியும் சில ரப்பர் முத்திரைகளும்

அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் டிக் செனி 2025 நவம்பர் 3ஆம் தேதி, தமது 84ஆவது வயதில் காலமானார். அந்த வாரம் செந்தூலில் நான் வழக்கமாகப் பசியாறும் கடையில் பேச்சு அவர் பக்கம் திரும்பியது. "போய்ச் சேர்ந்துட்டாரு, இனிமே குறை சொல்லி என்ன ஆகப்போகுது அண்ணே? கடைசிக் காலத்துல டிரம்ப்ப எதிர்த்து நின்னாரே, அது போதாதா?" என்றார் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரான என் நண்பர். வாழ்நாள் முழுவதும் குடியரசுக் கட்சிக்காரராக இருந்த செனி, 2024 தேர்தலில் கமலா ஹாரிசுக்கு வாக்களிக்கப் போவதாக அறிவித்தது உண்மைதான். ஆனால் அந்த ஓர் அறிவிப்பு, 2001 முதல் 2009 வரை அவர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்து நடத்திய எட்டு ஆண்டு நிர்வாகத்தைக் கழுவிவிடும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் பார்த்த வேலை அப்படிப்பட்டது.

கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நெடுங்காலம் கிராணியாக இருந்தேன். என் மேசை லாச்சியில் நான்கு ரப்பர் முத்திரைகள் இருந்தன: ரஹ்சியா பெசார் (பெரும் இரகசியம்), ரஹ்சியா (இரகசியம்), சுலிட் (மந்தணம்), தெர்ஹாட் (வரம்புக்குட்பட்டது). முதல் இரண்டும் புதுக்கருக்கு மாறாமல் கிடந்தன. சுலிட் முத்திரையின் ஓரம் மட்டும் தேய்ந்து, கடைசி எழுத்து பாதிதான் விழும். ஒருமுறை, ஒழுகும் கூரையைச் சீராக்க வந்திருந்த விலைப்பட்டியலில் அதைக் குத்தச் சொன்னார் என் மேலதிகாரி. இதில் என்ன இரகசியம் என்று கேட்டதற்கு, "யாராவது கேட்டா பதில் சொல்ல வேண்டியதில்ல பாரு" என்றார். இரகசியம் என்ற சொல்லுக்கு அதைவிட நேர்மையான விளக்கத்தை அதன்பின் நான் கேட்டதில்லை.

செனியின் அலுவலகமும் தனக்கென ஒரு முத்திரை வைத்திருந்தது. சட்டப்படியான வகைப்பாட்டில் இடம்பெறாத, 'அதி இரகசியமாக நடத்தப்பட வேண்டியது' என்ற பொருள்பட்ட அந்தச் சொற்றொடர், நிருபர்களிடம் பேசுவதற்கென்று எழுதிக்கொடுத்த குறிப்புகளில்கூடச் சில வேளைகளில் குத்தப்பட்டிருந்ததை 2007இல் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு எழுதியது. தம்மிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற எண்ணிக்கையைக்கூட அவர் வெளியிட மறுத்தார் என்பதையும் அதே செய்தி சொன்னது. நாட்டுக்கு ஆபத்து என்றால் மறைக்கத்தான் வேண்டும். ஆள் கணக்கில் என்ன ஆபத்து?

ஆள் கணக்கைவிடக் கனமானது எரிசக்திக் குழுவின் கதை. பதவியேற்ற பத்து நாளுக்குள், 2001 ஜனவரியில், நாட்டின் எரிசக்திக் கொள்கையை வகுக்கும் குழு செனியின் தலைமையில் அமைந்தது. அவரோ 1995 முதல் 2000 வரை எண்ணெய் வயல் சேவை நிறுவனமான ஹாலிபர்ட்டனின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். அந்தக் குழு எந்தெந்த நிறுவனத்தாரைச் சந்தித்தது என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கேட்டது. அவர் தர மறுத்தார். அந்த அமைப்பு 2002 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்து, டிசம்பரில் தோற்றது. பொதுநல அமைப்புகள் தொடுத்த இன்னொரு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் காத்திருந்த நேரத்தில், 2004 ஜனவரியில், அதே நீதிமன்றத்தின் நீதிபதி அன்டோனின் ஸ்கலியா செனியுடன் அரசாங்க விமானத்தில் லூசியானாவுக்குப் பறந்து வாத்து வேட்டையாடினார். வழக்கிலிருந்து விலகுங்கள் என்று கேட்கப்பட்டபோது 21 பக்கத்தில் காரணம் எழுதி மறுத்துவிட்டார். இந்த வழக்கிலும் இறுதியில் வென்றது செனிதான்.

இந்த வழக்குகளில் அவர் எடுத்துவைத்த வாதத்தைக் கவனிக்க வேண்டும்: அதிபரும் துணை அதிபரும் யாரிடம் ஆலோசனை கேட்டார்கள் என்பதைத் துருவுவது நிர்வாகத் துறையின் அரசியலமைப்பு உரிமையில் கைவைப்பதாகும் என்றார். அதாவது, அப்போது அவர் நிர்வாகத் துறையின் மனிதர். ஆனால் இரகசிய ஆவணங்களைக் கையாளும் நிர்வாகத் துறை அலுவலகங்கள், எத்தனை ஆவணங்களை இரகசியமாக்கின என்று தேசிய ஆவணக் காப்பகத்தின் கண்காணிப்புப் பிரிவுக்கு ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு இருந்தது. 2003 முதல் செனியின் அலுவலகம் அந்தக் கணக்கைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. 2007இல் விவரம் வெளியே வந்தபோது, துணை அதிபர் செனட் சபையின் தலைவருமாவார், ஆகவே அவரது அலுவலகம் நிர்வாகத் துறைக்குள் மட்டும் அடங்கும் ஒன்றல்ல என்று விளக்கம் சொன்னார்கள். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நம் ஊரில் சொல்வோமே, அதை அரசியலமைப்புச் சட்டத்தின் துணையோடு செய்துகாட்டியவர் இவர்தான்.

அந்தப் பதவியின் அமைப்பே இதற்கு இடம்கொடுத்தது என்று நினைக்கிறேன். அமெரிக்க அரசியலமைப்பு துணை அதிபருக்குக் கொடுத்துள்ள நிரந்தர வேலை, செனட் சபைக்குத் தலைமை தாங்கி, வாக்குகள் சமமானால் மட்டும் வாக்களிப்பதுதான். முதல் துணை அதிபரான ஜான் ஆடம்ஸ், மனிதன் கண்டுபிடித்தவற்றிலேயே மிக அற்பமான பதவி இது என்று மனைவிக்கு எழுதிய கடிதத்தில் நொந்துகொண்டார். செனி அந்த வெற்றிடத்தை வசதியாகவே கண்டார். வரையறுத்த வேலை இல்லாதவரிடம், உன் வேலையை ஏன் செய்யவில்லை என்றோ எல்லையை ஏன் மீறினாய் என்றோ எதை வைத்துக் கேட்பது? நம் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில் துணைப் பிரதமர் என்ற பதவியே குறிப்பிடப்படவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

பொது இடத்தில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு 2006 பிப்ரவரி 11 ஒன்றே போதும். டெக்சஸ் பண்ணையொன்றில் காடை வேட்டையின்போது அவர் சுட்ட குண்டுச் சிதறல், உடன் வந்திருந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்தது. நாட்டின் துணை அதிபர் ஒருவரைச் சுட்டுவிட்டார் என்ற செய்தியை வெள்ளை மாளிகை சொல்லவில்லை. மறுநாள் பண்ணைக்குடும்பத்துப் பெண்மணி உள்ளூர் நாளேட்டுக்குச் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. செனி வாய் திறக்க நான்கு நாள் ஆனது. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த விட்டிங்டனோ, செனியும் அவர் குடும்பத்தாரும் பட்ட சிரமத்துக்காகத் தாம் வருந்துவதாகக் கூறினார். குண்டு வாங்கியவர் வருத்தம் தெரிவிக்கும் காட்சியை நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் நினைவிருக்கிறது. செனட் சபைக்குள்ளேயே பேட்ரிக் லேஹி என்ற உறுப்பினரைக் கெட்ட வார்த்தையால் ஏசியதும் (2004), ஈராக் போரால் பயனில்லை என்று மூன்றில் இரு பங்கு மக்கள் கருதுகிறார்களே என்று நிருபர் கேட்டதற்கு "அதனால்?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்டதும் (2008) அதே ரகம்தான்.

செனியைக் குற்றவாளி என்று சொன்ன ஒரு தீர்ப்பு நம் கோலாலம்பூரிலேயே வந்தது. நம் முன்னாள் பிரதமர் மகாதீரின் முயற்சியில் அமைந்த கோலாலம்பூர் போர்க் குற்ற நடுவர் மன்றம், அமெரிக்காவின் குவாண்டானாமோ சிறை முகாமிலும் ஈராக்கிலும் நடந்த சித்திரவதைகளுக்காக 2012 மே 11ஆம் தேதி புஷ், செனி, அவர்களின் தற்காப்பு அமைச்சராக இருந்த ரம்ஸ்பெல்டு ஆகியோரையும் சட்ட ஆலோசகர்கள் ஐவரையும் அவர்கள் இல்லாமலேயே விசாரித்துக் குற்றவாளிகள் என்றது. சட்ட வலிமை இல்லாத தீர்ப்புதான், இருந்தாலும் அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பிறகுதான் உறுத்தியது. நம் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தில், குறைந்தது ஓராண்டுச் சிறை கட்டாயம் என்ற திருத்தம் 1986இல் வந்தபோது பிரதமராக இருந்தவரும் மகாதீர்தான். ஓர் ஆவணத்தை இரகசியம் என்று அமைச்சரோ அதிகாரியோ சான்றளித்துவிட்டால் நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது அந்தச் சட்டம். செனிக்கு அப்படியொரு வசதி இல்லை. அவர் வழக்காடித்தான் மறைக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் என் நண்பர் ஆறிப்போன தே தாரிக்கைத் தள்ளிவைத்துவிட்டு, "அப்ப அந்தக் கூரை விஷயம் என்னதான் ஆச்சு?" என்று கேட்டார்.

விலைப்பட்டியல் சுலிட் கோப்புக்குள் போனது, யாரும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்றும் வராந்தாவில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு நீல வாளி வைத்திருந்தார்கள்.