ஃபராமிர் விஷயத்துல மட்டும் மனசு ஆறல

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவல்ல வர்ற டாம் பாம்படில்ங்கிற கேரக்டர் படத்துல இல்லன்னு இன்னும் சண்டை போடுறவங்க இருக்காங்க, எனக்கு அது பெரிய குறையா தெரியல. ஆனா 2002ல வந்த ரெண்டாவது படம் டூ டவர்ஸ்ல, கோண்டோர் நாட்டு படைத்தலைவன் ஃபராமிரை மாத்துனது வேற விஷயங்க. நாவல்ல அவன், எல்லாரையும் ஆசை காட்டி கெடுக்கிற அந்த மோதிரம் ரோட்டுல கிடந்தாலும் எடுக்க மாட்டேன்னு சொல்ற ஆளு, அத அழிக்க கொண்டு போற ஹாபிட் (குள்ள இனத்து ஆளு) ஃப்ரோடோகிட்ட அது இருக்குன்னு, கூட போற சாம் வாய் தவறி உளறினப்புறமும் தொடாம, சாப்பாடு, ஊன்றுகோல் எல்லாம் கொடுத்து ரெண்டு பேரையும் அனுப்பி வைக்கிறான். படத்துல அவங்கள ஆஸ்கிலியாத் நகரம் வரைக்கும் இழுத்துட்டு போறான். அவன் சுலபமா வேண்டாம்னுட்டா மோதிரத்தோட பயங்கரம் குறைஞ்சிடும்னுதான் மாத்துனோம்னு படக்குழு சொன்னாங்க, புரியுது, ஆனா அண்ணன் போரோமிர் மோதிரத்து மேல ஆசைப்பட்டு சறுக்குன இடத்துல தம்பி அசையாம நிக்கிறதுதானே அந்த கேரக்டரே! கடைசில ஹாபிட்டுங்க சொந்த ஊரான ஷயருக்கு திரும்பி வந்து சண்டை போடுற பகுதிய வெட்டுனதுலயும் எனக்கு வருத்தம்தான், ஆனா அத நீளத்துக்காகன்னு விட்டுடலாம், ஃபராமிரை விட முடியல.