மெட்டி விரலில் ஒரு ஜவ்வுக் கிழிசல்

வலது காலின் இரண்டாம் விரலுக்கு நேர் கீழே, செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பது போன்ற வலி. முதலில் பார்த்த மருத்துவர் நரம்பு வீக்கம் என்று சொல்லி, ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். ஊசிக்குப் பயந்துதான் இன்னொருவரிடம் போனேன். அவர் விரலைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார்; விரல் மூட்டில் நிற்காமல் எழும்பியது, நானும் நாற்காலியை விட்டு எழும்பினேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில், மூட்டின் அடியில் விரலைத் தாங்கும் ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. இதில் ஸ்டீராய்டு போனால் ஜவ்வு இன்னும் நைந்து மூட்டே விலகக்கூடும் என்றார்.

அறுவை சிகிச்சை என்றால் நாலு தையல் என்று நினைத்திருந்தேன். அவர் விவரித்தது வேறு. பாத எலும்பின் தலையை, அதாவது அந்த விரலோடு சேரும் முனையை, சாய்வாக வெட்டிப் பின்னால் நகர்த்தித் திருகாணி வைத்து, ஜவ்வை இழுத்து விரல் எலும்போடு கட்டுவார்களாம். நன்றாக இருக்கும் எலும்பை எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்டேன். அந்த எலும்பு மற்றதைவிட நீளமாக இருப்பதால்தான் பாரம் அங்கே குவிகிறது என்றார். பிறகு சுமார் 6 வாரம் குதிகாலில் மட்டும் எடை விழும் காலணி. வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு விரல் விறைத்துப்போகும், அல்லது தரையைத் தொடாமல் தூக்கியே நிற்கும்.

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் விரல் கட்டைவிரல் பக்கம் சற்றே சாய்ந்திருந்தது, மூட்டு விலகவில்லை. அதைப் பார்த்துத்தான் காத்திருக்க முடிவு செய்தேன். எதைக் கண்டால் காத்திருப்பதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்: சாய்வு கூடினால், விரல் பக்கத்து விரல்மேல் ஏறினால்.

விரலைக் கீழ்நோக்கி இழுத்து டேப் ஒட்ட மெட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது. மாமியார் சம்மதிக்க எக்ஸ்ரேயைக் காட்ட வேண்டியதாயிற்று. வெளியே வளையாத அடிப்பாகமுள்ள ஷூ, உள்ளே எலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு திண்டு. அது எளிது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் பழக்கத்தை விடுவதுதான் பெரும்பாடு. கோலம் போடக் குந்தும்போது விரல்கள் பின்னுக்கு மடங்கி அந்த ஜவ்வைத்தான் இழுக்கின்றன. அந்த வேலை மகனுக்குப் போனது. புள்ளிகள் நேராக நிற்பதில்லை, நான் கண்டுகொள்வதில்லை.

வலி பெருமளவு குறைந்திருக்கிறது. சாய்வு அப்படியே இருக்கிறது. டேப்பால் அது நேராகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த எக்ஸ்ரேயில் அது கூடியிருந்தால் அறுவை சிகிச்சைதான். பள்ளி ஆசிரியை என்பதால் அதற்கு மே விடுமுறையை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.